முடிவுரை எழுதப்போகும் தங்கச்சிக்கு…

ஆய்வேட்டின் இயல்களெல்லாம் முடிந்தன. கைடு, "முடிவுரையைச் சீக்கிரம் கொடும்மா" என்கிறார். இந்த அவசரத்தில்தான் பலரும் ஒவ்வோர் இயலின் கடைசிப் பத்தியையும் காப்பி செய்து ஒட்டி, மேலே 'முடிவுரை' என்று போட்டுவிடுகிறார்கள். நீ அப்படிச் செய்யாதே. முன்னுரையில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் இடம்தான் முடிவுரை. அதற்கு அக்காவின் டிப்ஸ்:

1. முன்னுரையை பிரின்ட் எடு
ஆய்வு நோக்கங்கள், கருதுகோள் உள்ள பக்கத்தை மேசையில் வை. ஒவ்வொரு நோக்கத்துக்கும் எதிரே உன் பதிலை ஒரே வரியில் எழுது. பதில் வராத நோக்கம் இருந்தால் உடனே கைடிடம் பேசு; வைவா வரை தள்ளிப்போடாதே.

2. செய்ததைச் சொல்லாதே, கண்டதைச் சொல்
உன் தலைப்பு 'ஐங்குறுநூற்றில் தோழி' என்று வைத்துக்கொள்வோம். "மூன்றாம் இயலில் தோழியின் பங்கு ஆராயப்பட்டது, அது சிறப்பானது என்பது தெளிவாகிறது" என்றால் படிப்பவருக்கு எதுவும் கிடைக்காது. "நெய்தலில் வரும் தாய்க்குரைத்த பத்தில், தலைவியின் காதலைத் தாயிடம் எடுத்துச் சொல்லும் பொறுப்பு தோழியிடம் இருக்கிறது" என்று எழுது. இதுதான் கண்டுபிடிப்பு. எந்த இயலில் இருக்கிறது என்பதை அடைப்புக்குறிக்குள் கொடுத்தால் போதும்.

3. எல்லையைத் தாண்டாதே
ஒரு நூலைப் படித்துவிட்டு "சங்க இலக்கியம் முழுவதும் தோழி இப்படித்தான்" என்று எழுதினால், தேர்வாளர் முதல் கேள்வியே அங்கிருந்துதான் கேட்பார். எட்டுத்தொகை, பத்துப்பாட்டு என்று மொத்தம் 18 நூல்கள். நீ பார்த்தது ஒன்று. அந்த ஒன்றிலும் 500 பாடல்களில் 129, 130 ஆகிய இரண்டும் கிடைக்கவில்லை. இரண்டுமே கிழவற்குரைத்த பத்தைச் சேர்ந்தவை. அந்தப் பத்தைப் பற்றி நீ சொல்லும் எண்ணிக்கை எட்டுப் பாடல்களுக்குத்தான் பொருந்தும். இதை நீயே எழுதிவிட்டால் கேள்விக்கு இடமில்லை.

4. கருதுகோள் பொய்த்தால் மறைக்காதே
"ஐந்து திணையிலும் தோழிக்கு ஒரே அளவு கூற்று உண்டு" என்று தொடங்கியிருப்பாய். எண்ணிப் பார்த்ததில் அப்படி இல்லையென்றால், இல்லை என்றே எழுது. ஏன் மாறுகிறது என்று இரண்டு வரி சேர்த்தால் அதுவே ஆய்வேட்டின் பலமான பக்கமாகிவிடும்.

5. புதுச் சரக்கு வேண்டாம்
புது மேற்கோள், புது அட்டவணை, புதிதாகப் படித்த கோட்பாடு எதையும் இங்கே நுழைக்காதே. விட மனமில்லை என்றால் உரிய இயலில் சேர்த்துவிட்டு வா.

6. 'எனலாம்' எண்ணு
'எனலாம்', 'அறிய முடிகிறது', 'தெளிவாகிறது' மூன்றையும் ஃபைண்ட் போட்டுத் தேடு. ஆதாரம் இருக்கும் இடத்தில் 'எனலாம்' எதற்கு? நேரடியாகச் சொல். ஆதாரம் குறைவான இடத்தில் மட்டும் விட்டுவை.

7. மேலாய்வுக்கு மூன்று தலைப்பு போதும்
'சங்க இலக்கியத்தில் பெண்கள்' என்பதெல்லாம் தலைப்பில்லை. 'ஐங்குறுநூறு, குறுந்தொகை: தோழி கூற்று ஒப்பீடு' என்றால், அடுத்து வரும் மாணவி நாளைக்கே வேலையைத் தொடங்கலாம்.

8. தனியாகப் படித்தாலும் புரியட்டும்
இணைய ஆய்வேட்டுக் களஞ்சியமான சோத்கங்காவில் ஆய்வேடுகள் பெரும்பாலும் இயல் இயலாகத் தனித்தனி பிடிஎஃப்களாக இருக்கும். நாளை ஒருவர் உன் முடிவுரையை மட்டும் திறக்கலாம். அதனால் குறுக்கங்களை விரித்து எழுது. 'மேற்கூறியவாறு' என்று எங்கோ கைகாட்டாதே. நூலின் பெயர், ஆய்வுக் கேள்வி, எந்தப் பதிப்பைப் பயன்படுத்தினாய் என்ற விவரம் மூன்றும் முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும்.

நன்றியுரையை இங்கே மறுபடி கொண்டுவராதே. அதற்கு முன்பக்கத்தில் இடம் இருக்கிறது. எழுதி முடித்ததும், உன் துறை சாராத ஒரு தோழியிடம் முடிவுரையை மட்டும் கொடு. "என்ன கண்டுபிடித்திருக்கிறேன், சொல்லு" என்று கேள். அவள் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டால் கைடுக்கு அனுப்பு. சொல்லத் திணறினால், இன்னொரு முறை உட்கார்ந்து எழுது, தங்கச்சி.