பதினான்கு ஊசியும் உடற்காவல் அணுக்களும்

அம்பாசமுத்திரம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணிக் கரையூர்களில், வெறிநாய்க்கடி என்ற மாத்திரத்தே முதியோர் நினைவுக்கு வருவது, தொப்புளைச் சுற்றிப் போடும் பதினான்கு ஊசியாம். அவ்வூசி ஒழிந்தும் அச்சம் ஒழிந்தபாடில்லை. அவ்வச்சத்துக்கு வலி மட்டுமே காரணமன்று. மற்றொரு காரணமும் உண்டு. உடல் தன்னையே பகைக்கும் நோய்களின் மூலத்தை அது விளக்குமாதலின், ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

1911ஆம் ஆண்டளவில் கசௌலியில் டேவிட் ஸெம்பிள் என்பார் வகுத்த முறைப்படி, நோய்க்கிருமியை ஆட்டுமூளையில் வளர்த்துக் கார்பாலிக் அமிலத்தாற் கொன்று மருந்தாக்கினர். 1907இல் தோன்றிய குன்னூர்ப் பாஸ்டியர் நிலையமும் நெடுங்காலம் ஆட்டுமூளை மருந்தையே அளித்து வந்தது. வெறிநோய் வெளிப்பட்டபின் பிழைத்தல் மிக அரிது. ஆகவே எண்ணிறந்தோர்க்கு அம்மருந்து உயிர் தந்ததென்பதில் ஐயமில்லை. ஆயினும் சிலருக்கு, ஊசி தொடங்கிய சின்னாளில், காய்ச்சலும் கால் முடக்கமும் கண்டன. அது வெறிநோயன்று. மருந்திற் கலந்த ஆட்டு நரம்புறையைக் கண்டு கிளர்ந்த வெள்ளணுக்கள், அதனை ஒத்த மனித நரம்புறையையும் தாக்கின. 1987இல் தாய்லாந்து ஆராய்ச்சியாளர், இத்தகைய நோயாளரின் குருதியில் நரம்புறைப் புரதத்தைப் பகைக்கும் எதிர்ப்பொருள்களைக் கண்டனர்.

இங்கே ஒரு வினா எழும். நரம்புறையை அறியவல்ல 'டி' அணுக்கள் நோயற்றவர் உடலிலும் உள்ளனவே; அவை வாளா இருப்பதேன்?

நம் ஊர்க் கோயில் நகைப்பெட்டகம், இருவர் கையிலுள்ள இரு சாவிகளும் சேர்ந்தாலன்றித் திறவாது. டி அணுவும் அத்தகையதே. பிற அணு ஏந்திக் காட்டும் பொருளை இனங்காணுதல் முதற்குறிப்பு. கிருமி வந்ததென்று உணர்ந்த அவ்வணு, தன் மேற்பரப்பில் 'பி7' என்னும் புரதத்தை உயர்த்தி, டி அணுவின் 'சிடி28'ஐத் தொடுதல் இரண்டாங்குறிப்பு. முதலது மட்டும் கிட்டின் டி அணு செயலற்றுப்போம் என்பதை 1987இல் ஜென்கின்ஸும் ஷுவார்ட்ஸும் காட்டினர்.

இதற்கு முன்பே குரங்குகள் சான்று தந்திருந்தன, பாவம்! 1933இல் ரிவர்ஸ் குழுவினர் முயலின் மூளையைப் பன்முறை செலுத்தியே அவற்றை முடக்கினர். 1947இல் காபட் குழுவினர், மூளையுடன் எண்ணெயும் மடிந்த காசக்கிருமியும் கலந்தபோது, சில ஊசிகளே போதுமாயின. மூளை முதற்சாவி, கிருமி இரண்டாஞ்சாவி. ஸெம்பிள் மருந்திலோ நரம்புறையும் மடிந்த கிருமியும் ஒருங்கே இருந்தன. இரு சாவிகளையும் ஒரே கையில் கொடுத்ததுபோலாயிற்று என நாம் கருதுகின்றோம்.

இவ்வறிவு பின்னர் மருந்தாகவும் பயன்பட்டது. இரண்டாங்குறிப்பைத் தடுக்கும் அபடசெப்ட், 2005இல் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு ஏற்கப்பெற்றது. மறுபுறம், 'சிடிஎல்ஏ-4' என்னும் தடையை நீக்கிப் புற்றுநோயைத் தாக்கும் மருந்தை ஏற்றோருட் சிலர்க்குக் குடலும் தைராய்டும் அழன்றன. தடை தளரின் தன்னுடலே பகையாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இந்தியாவில் மூளைமருந்து 2004இன் இறுதியோடு நின்றது. இன்று பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியிலோ கிராமச் சுகாதார நிலையத்திலோ இடும் மருந்து, வளர்ப்பணுக்களில் உண்டானது. அதில் மூளைத் துணுக்கு இல்லை. கையில் சில ஊசிகளே. தோலைத் துளைத்த காயமாயின் அதனைச் சுற்றி எதிர்ப்புரதமும் செலுத்துவர். கடியுண்டவர் புண்ணைச் சோப்பும் நீரும் கொண்டு கால்மணி நேரம் கழுவி, அன்றே செல்லவேண்டும்.