ஸ்கேன் 'நார்மல்', ஆனால் நோய் உண்டா?

கேள்வி: என் தம்பிக்கு மனச்சிதைவு என்கிறார் டாக்டர். எம்.ஆர்.ஐ. ஸ்கேனோ 'நார்மல்' என்கிறது. ஸ்கேனில் தெரியாத நோய்க்கு மாத்திரை எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். - வாசகி, பண்ணைக்காடு

பதில்: டாக்டர் சொல்வதை நம்புங்கள், அம்மா. கட்டி, ரத்தக்கசிவு, வலிப்புக்குக் காரணமாகும் நாடாப்புழுக் கட்டி போன்றவை இல்லையென்று உறுதி செய்யத்தான் அந்த ஸ்கேன். மனச்சிதைவைக் காட்டும் ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ உலகில் எங்குமே இன்னும் வரவில்லை.

தேடாமல் இல்லை. நோயாளிகளின் மூளைக்குள் இருக்கும் நீரறைகள் சராசரியாகச் சற்றுப் பெரிதாக இருப்பது 1976-லேயே தெரிந்தது. ஆனால் அது சராசரிக் கணக்கு. நோயே இல்லாத பலருக்கும் அப்படி இருக்கும். நோயுள்ள பலருக்கு இருக்காது. ஒரு தனி ஆளின் படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மாத்திரையும் மூளையின் அளவைச் சற்று மாற்றக்கூடும். படத்தை அலசுவதிலும் சிக்கல்: ஒரே மூளைப்படத் தரவை 70 குழுக்களிடம் கொடுத்தபோது முடிவுகள் பல இடங்களில் முரண்பட்டன, 2020-ல் வெளியான ஆய்வு இது. எல்லாவற்றுக்கும் மேலாக, மனச்சிதைவு என்ற ஒரே பெயருக்குள் பல நோய்கள் ஒளிந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

அல்சைமர் நோயில் கதை வேறு. மூளையில் படியும் புரதம் இன்னதென்று தெரிந்ததால் ரத்தப் பரிசோதனையே வந்துவிட்டது. மனச்சிதைவில் அந்தப் பிடி கிடைக்கவில்லை. அதைத் தேடித்தான் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில், பலருக்கு மனநோய் உள்ள குடும்பங்களின் ரத்த அணுக்களிலிருந்து ஸ்டெம் செல் உருவாக்கி ஆராய்கிறார்கள்.

அது கிடைக்கும்வரை, தூக்கம், பேச்சு, காதில் கேட்கும் குரல் என்று டாக்டர் பொறுமையாகக் கேட்பதுதான் பரிசோதனை. தம்பியிடம் நீங்கள் கவனித்ததை எழுதிக்கொண்டு போங்கள். மாத்திரையை நிறுத்தவே வேண்டாம். மலையிறங்கி டாக்டரிடம் போக முடியாத நாளில் 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலிமானஸ் என்ற மனநல ஆலோசனைச் சேவை அது, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.