வட்டத்தில் ஒரு வாழ்த்து

ஓய்வுபெறும் ஆசிரியைக்கு நாமே வாழ்த்து அட்டை செய்வோமா? நடுவில் ஒட்டும் பூவைச் சுற்றி வாழ்த்தை வட்டமாக அமைக்க, கணினியில் மைக்ரோசாஃப்ட் வேர்டு உதவும்.

‘இன்சர்ட்’ பகுதியில் ‘வேர்டுஆர்ட்’டைத் திறந்து வாழ்த்தைத் தட்டச்சு செய்க. பின் ‘டெக்ஸ்ட் எஃபெக்ட்ஸ்’, ‘டிரான்ஸ்ஃபார்ம்’, ‘சர்க்கிள்’ என முறையே தேர்ந்தெடுக்க. பெட்டியின் உயரமும் அகலமும் 7 செ.மீ. இருக்கட்டும், வேறுபட்டால் வட்டம் முட்டையாகிவிடும். கணக்குப் பாடம் நினைவிருக்கிறதா? அதன் சுற்றளவு ஏறத்தாழ 22 செ.மீ. வாழ்த்து அதை நிரப்பாவிடில் எழுத்தைப் பெரிதாக்குக.

முடிவில் ஒரு நட்சத்திரக் குறி இடுக. நான் அதை மறந்தேன். தொடக்கம் எதுவெனத் தெரியாமல் அம்மா அட்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்! முதலில் சாதாரணத் தாளில் அச்சிட்டுச் சரிபார்த்தால் கெட்டி அட்டை வீணாகாது.

உள்ளே இரண்டு வரியேனும் பேனாவால் எழுதுங்கள். வட்டத்தைக் கணினி வரையும். நன்றியை நாம்தான் எழுத வேண்டும்.