வலசை தப்பிய கரும்பருந்து

தனக்குரிய நிலத்தைவிட்டு நெடுந்தொலைவு விலகித் தனித்துத் தோன்றும் பறவை எல்லா நாட்டிலும் வியப்புக்குரியது. சங்கச் செய்யுட்கள் ஊருக்குப் புதியராய் வந்த வழிப்போக்கரை ‘வம்பலர்’ எனச் சுட்டும். அச்சொல்வழியே இதனை ‘வம்பப் புள்’ எனலாம். ‘வம்பு’ பிற்காலத்தில் பெற்ற பொருளை இங்குக் கொள்ளற்க.

பெருங்கரும்பருந்து என்னும் இனம் மெக்சிகோ முதல் அர்ஜென்டினாவின் வடபகுதி வரை, வெப்பநிலக் காடுகளிலும் நீர்க்கரைகளிலும் வாழ்வது. தவளை, பாம்பு, நண்டு முதலியன அதன் இரை. 2018 ஏப்ரலில் இவ்வினத்து இளம்பறவை ஒன்று அமெரிக்காவின் தென்கோடியில், டெக்சாஸ் மாநிலத்துச் சவுத் பாட்ரே தீவில் காணப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில், ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் வடகிழக்கே, மெயின் மாநிலத்துப் பிடஃபர்டு என்னும் கடலோர ஊரிலும் ஓர் இளம்பறவை தென்பட்டது.

இவை இரு பறவைகளா, ஒன்றேயா? இடத் தொலைவை நோக்குவோர் இரண்டென்றே கொள்வர். ஆயின் பறவை நோக்கர்கள் இரண்டிடத்தும் எடுத்த நிழற்படங்களை ஒப்பிட்டனர். இளம்பருந்தின் இறகுகள் கருமையாக இரா. பழுப்பும் வெண்மையும் விரவிய வரிகளும் புள்ளிகளும் கொண்டவை. அவற்றின் அமைப்பு பறவைக்குப் பறவை சற்றே மாறும். சிறகின் அடிப்புறக் குறிகள் ஒத்திருந்தமையின் ஒரே பறவை எனத் தெளிந்தனர். ஏட்டுச் சுவடிகளின் பாடங்களை ஒப்பிட்டு மூலத்தை நிறுவும் பதிப்பாசிரியரின் நெறியும் இதுவே. இத்தகைய சான்றின்றி, கண்டேன் என்பதால் மட்டும் ஒன்றை ஏற்றல் ஆய்வாகாது.

நவம்பர் இறுதியில் அப்பருந்து அம்மாநிலத்துப் போர்ட்லாந்து நகரின் டீரிங் ஓக்ஸ் பூங்காவை அடைந்தது. அங்கு அணில்களை வேட்டையாடி உண்டது. காண்போர் திரண்டனர். உணவால் அதற்குக் குறையில்லை; குளிரே பகையாயிற்று. பனிநாட்டு வெள்ளாந்தைக்குக் கால்விரல் வரை இறகுப் போர்வை உண்டு. கரும்பருந்தின் நீண்ட கால்களோ வெறுமையானவை. சேற்றுக்கரையில் நடந்து இரைதேட உதவிய அக்கால்களே பனியில் அதற்குக் கேடாயின.

2019 சனவரி 20-ஆம் நாள், பனிப்புயலினூடே, அது தரையில் வீழ்ந்து கிடக்கக் கண்டு எடுத்துச் சென்றனர். பறவை மருத்துவ நிலையத்தில் பேணியும், உறைபனியால் குருதியோட்டம் அற்ற கால்கள் மீளவில்லை. சனவரி 31-இல் நோவின்றி அதன் உயிர் போக்கப்பட்டது.

முன்னரே பிடித்துக் காத்திருக்கலாகாதா எனச் சிலர் வினவக்கூடும். தானே வேட்டையாடி நலமுடன் பறந்த பறவையைக் கூண்டிலிடுவதற்கு அன்று என்ன காரணம் காட்டியிருக்க இயலும்? முடிவை அறிந்தபின் எழும் வினா அது.

அப்பூங்காவில் இன்று அப்பருந்துக்கு ஒரு சிலை உண்டு.