சாயம் போட வரும் பிள்ளைகளுக்கு

டெக்ஸ்டைல் டிப்ளமோ முடித்துவிட்டுத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் வேலைக்குச் சேர்கிற தம்பிகளுக்கும் அம்மணிகளுக்கும், ஓய்வுபெற்ற டையிங் மாஸ்டர் ஒருவன் எழுதுவது. எண் போட்டு எழுதியிருப்பது, எந்த இடத்தில் என்னோடு ஒத்துப்போகவில்லை என்று நீங்கள் சொல்ல வசதியாக இருக்கட்டும் என்றுதான்.

1. முதலில் உப்பைக் கணக்குப் போடுங்கள். ஐந்நூறு கிலோ காட்டன் துணி, கருநீலம், ஒன்றுக்கு எட்டுத் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். 4,000 லிட்டர் பாத். லிட்டருக்கு 70 கிராம் உப்பு என்றால் 280 கிலோ. சாயத்தை நூலிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு உப்பின் வேலை முடிந்தது. அது துணியில் தங்குவதில்லை. போட்டது அவ்வளவும் கழிவுத் தண்ணீரோடுதான் போகிறது. கடல்நீரிலேயே லிட்டருக்கு 35 கிராம் போலத்தான் உப்பு. நம் பாத்தில் அதற்கு இரண்டு மடங்கு. ஆற்றில் விடலாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுமதிக்கிற கரைந்த உப்பின் அளவோ லிட்டருக்கு 2,100 மில்லிகிராம், அதாவது இரண்டு கிராம் சொச்சம்.

எழுபதை இரண்டுக்குக் கொண்டுவர யாரோ ஒருவர் காசு கொடுத்தாக வேண்டும். பட்டறை கொடுக்கலாம், துணி வாங்குகிற பையர் கொடுக்கலாம். இரண்டு பேரும் கையை விரித்தால், ஆற்றுக்குக் கீழே தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர் கொடுப்பார், அவரை யாரும் கேட்காமலே. செலவு கடைசியில் யார் தலையில் விழுகிறது என்று பார்க்கப் பழகிவிட்டால், கீழே நான் எழுதியிருப்பதில் பாதி உங்களுக்கே தோன்றிவிடும்.

மெஷின் இடம் கொடுத்தால் அதே துணியை ஒன்றுக்கு ஆறில் ஓட்டுங்கள். 3,000 லிட்டர், 210 கிலோ. எழுபது கிலோ உப்பு மிச்சம், அதைச் சூடாக்கும் நீராவியும் மிச்சம். இதற்கு முதலாளியின் கொள்கை மாற வேண்டியதில்லை. உங்களுக்கு மெஷின் தெரிந்தால் போதும்.

2. நிறம் போன தண்ணீரைச் சுத்தமான தண்ணீர் என்று நம்பாதீர்கள். 1990-களின் பிற்பகுதியில் வந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டு நிறத்தை இறக்கின. வெளியே வந்த தண்ணீர் கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது. உப்பு அப்படியே இருந்தது. அந்த உப்பை நொய்யல் ஆறு ஒரத்துப்பாளையத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பாசனத்துக்கென்று 1992-ல் கட்டி முடித்த அணை அது. சாயக்கழிவுத் தொட்டியாக மாறிப்போனது. மற்ற ஊரில் விவசாயிகள் அணையைத் திறக்கச் சொல்லிச் சாலை மறிப்பார்கள். இங்கே திறக்க வேண்டாம் என்றார்கள்.

3. வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியெடுத்துக்கொண்டு ஆற்றோடு கீழே போய் வாருங்கள். பெரியவர்கள் யாராவது திண்ணையில் இருந்தால் கிணற்றைப் பற்றிக் கேளுங்கள். பட்டறையில் வேலை செய்கிறேன் என்று மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்கள், பிறகு காப்பி கொடுப்பார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளையே பனியன் கம்பெனியில்தான் இருப்பான்.

4. "ஆறு முக்கியமா, ஆயிரக்கணக்கான பேருக்குச் சோறு முக்கியமா?" என்று யாராவது உங்களை மடக்கினால், 2011-ஐ நினைவுபடுத்துங்கள்.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் 2003-ல் உயர் நீதிமன்றம் போனார்கள். 2006 டிசம்பரில் தீர்ப்பு வந்தது: ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகாத ஏற்பாட்டை 2007 ஜூலைக்குள் செய்து முடிக்க வேண்டும், அதுவரை வெளியே விடுகிற ஒவ்வொரு லிட்டருக்கும் அபராதம் கட்ட வேண்டும். 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. கெடு நீண்டுகொண்டே போனது. 2011 ஜனவரி 28 அன்று, எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூடி மின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள்.

பெரிய கம்பெனிகள் துணியை வண்டியில் ஏற்றி வேறு ஊர்களுக்குச் சாயத்துக்கு அனுப்பின. வண்டிச் சத்தம் கூடியது, அவ்வளவுதான். ஹெல்பர்கள் பையைக் கட்டிக்கொண்டு ரயிலேறினார்கள். அந்த மாதச் சம்பளத்தை யாரும் அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததாக நான் பார்க்கவில்லை. ஆற்றைக் காப்பாற்றப் போய்த்தான் வேலை போனது என்று இன்றைக்கும் டீக்கடையில் பேசுகிறார்கள். நான்கு வருஷம் தள்ளிப்போட்டதில்தான் போனது என்பது என் கட்சி. 2007-ல் படிப்படியாக மாறியிருந்தால் செலவு முதலாளியின் லாபத்தில் கொஞ்சம் விழுந்திருக்கும். 2011-ல் மொத்தமாக மாறியபோது கூலிக்காரர் தலையில் முழுசாக விழுந்தது. மாசுபடுத்தியவரே செலவையும் ஏற்க வேண்டும் என்று வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. யாருக்கும் தெரியாத சட்டம் ஒன்றுமில்லை.

நீதிமன்றத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் மூடு என்று ஒரு உத்தரவு வரும்போது, கேட்டுக்கு வெளியே நிற்கிற கூலிக்காரன் பெயர் எந்தத் தாளிலும் இல்லாமல் போவது எனக்கு உறுத்தல்தான். அதனால் உங்களிடம் ஒன்று: உங்கள் ஷிஃப்டில் இருக்கிற ஒவ்வொருவரும் மஸ்டர் ரோலில் இருக்கிறார்களா, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று தெரிந்து வைத்திருங்கள். பெயர் இருந்தால்தான் பிறகு கேட்கவாவது முடியும்.

5. ஷேடை முதல் தடவையே பிடியுங்கள். லேப் டிப்பில் மிச்சம் பிடித்த அரை மணி நேரத்துக்காக ஐந்நூறு கிலோ துணியைத் திரும்ப ஓட்டுகிற பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. ரீடையிங் என்றால் இன்னொரு முறை தண்ணீர், உப்பு, சோடா, நீராவி, நைட் ஷிஃப்ட் ஆளின் தூக்கம். சுற்றுச்சூழல் தினத்தன்று வாசலில் வேப்பங்கன்று நடுகிற மாஸ்டரை விட, ரீடையிங்கைப் பாதியாகக் குறைக்கிற மாஸ்டருக்கு ஆறு அதிகம் கடன்பட்டிருக்கிறது.

6. சாதா உப்பையும் கிளாபர் சால்ட்டையும் கலக்காதீர்கள். உங்கள் கழிவு போகிற நிலையம் எதை மீட்டுத் தருகிறது என்று கேட்டு, அதையே போடுங்கள். இரண்டும் கலந்தால் எவாப்பரேட்டரில் கடைசியாக வந்து விழுவது கலப்பு உப்பு. அதைத் திரும்பச் சாயத்துக்குப் போட முடியாது. ஆற்றிலும் கொட்ட முடியாது. கொட்டகையில் மூட்டை மூட்டையாக அடுக்குவார்கள். கழிவே இல்லை என்று போர்டில் எழுதியிருக்கும், பின்பக்கம் மூட்டை மலையாக இருக்கும்.

கழிவை வெளியே விடாத ஏற்பாட்டைப் பற்றி இன்னொன்றும் மறைக்கக் கூடாது. ஆர்.ஓ.வுக்குக் கரண்ட் வேண்டும், எவாப்பரேட்டருக்கு நீராவி வேண்டும், நீராவிக்குப் பாய்லரில் விறகு வேண்டும். ஆற்றுக்குப் போகாத செலவில் ஒரு பகுதி காற்றுக்கும் மரத்துக்கும் போகிறது. நான் இந்த ஏற்பாட்டின் பக்கம்தான். இலவசமாக எதுவும் கிடைத்துவிட்டது என்று மட்டும் பேசாதீர்கள். பாத்திலேயே உப்பைக் குறைத்தால் விறகும் குறையும், அதனால்தான் முதல் எண்ணில் கணக்கு.

7. மழை இரவு. எல்லோருக்கும் ஒருநாள் வரும். தொட்டி நிரம்பி வழிகிறது, ஆற்றில் செந்தண்ணீர் ஓடுகிறது, போன் வருகிறது: "பார்த்துச் செய்யுங்க மாஸ்டர்." என்ன செய்யச் சொல்கிறார் என்று அதில் எங்கேயும் இருக்காது. பைப்பைத் திறந்தவன் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த பையனாக இருப்பான்; பிடிபட்டால் அவன்தான் நிற்பான்.

போராளி ஆகச் சொல்லவில்லை. மூன்று காரியம் செய்யுங்கள். "திறக்கச் சொல்கிறீர்களா?" என்று நேராகக் கேளுங்கள், பத்தில் எட்டு முதலாளிகள் அந்த வார்த்தையை வாயால் சொல்ல மாட்டார்கள், அதோடு பேச்சு நின்றுவிடும். அடுத்தது, தொட்டி நிரம்பிய நேரத்தை லாக் புக்கில் எழுதி மெஷினை நிறுத்துங்கள். நிறுத்தியதால் போன டெலிவரிக்குக் காலையில் திட்டு வாங்குங்கள். எதுவானாலும் அந்தப் பையனை வால்வுக்குப் பக்கத்தில் அனுப்பாதீர்கள். வேலை போகுமா என்றால், போகலாம். ஷேடு தெரிந்த மாஸ்டருக்குத் திருப்பூரில் அடுத்த வாரமே இன்னொரு கேட் திறக்கும். ஹெல்பருக்கு அப்படித் திறக்காது. அவனிடம் இல்லாத அந்த வசதி உங்களிடம் இருப்பதால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன்.

8. கழிவுத் தொட்டிக்குள் ஆளை இறக்காதீர்கள். அடியில் தேங்கிய ஸ்லட்ஜைக் கிளறினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். அழுகிய முட்டை வாசம் வந்தால் தப்பிக்க நேரம் இருக்கிறது என்று நினைக்காதீர்கள்; வாயு அதிகமானால் மூக்கு மரத்துப் போய் வாசமே தெரியாது. முதலில் இறங்கியவர் விழுந்ததும் காப்பாற்றக் குதிக்கிறவர் இரண்டாவதாகச் சாகிறார். பம்ப் வைத்து இழுக்க முடியாவிட்டால், வாயு அளக்கும் கருவியும் காற்றுச் சிலிண்டரும் வைத்திருக்கிற ஆட்கள் வரும்வரை தொட்டி அப்படியே கிடக்கட்டும்.

9. இயற்கைச் சாயத்துக்கு மாறிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று பேசுகிற நண்பர்கள் உங்களுக்கு இருப்பார்கள். அவுரியும் மஞ்சிட்டியும் அழகுதான். ஒரு நாளைக்கு டன் கணக்கில் போகிற பனியன் துணிக்கு அந்தச் செடியை எந்த நிலத்தில், எந்தத் தண்ணீரில் விளைவிப்பது என்று கேளுங்கள். படிகாரம் போன்றவை சேர்க்காமல் பலவற்றில் நிறம் நிற்பதும் இல்லை.

10. பையரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அவரை முழுசாக நம்பவும் வேண்டாம். 1990-களில் ஜெர்மனி சில அசோ சாயங்களைத் தடை செய்தபோது, இனி ஏற்றுமதி அவ்வளவுதான் என்று புலம்பினார்கள். சாயம் மாறியது, தொழில் நிலைத்தது. வெளியிலிருந்து வந்த ஒரு விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததால் நடந்த நல்லது அது. அதே பையர் இன்றைக்கு ஒரு கையில் சுத்திகரிப்புச் சான்றிதழ் கேட்டுக்கொண்டே மறு கையில் கிலோவுக்கு விலையைக் குறைக்கச் சொல்கிறார். ஆடிட் வருகிறவர் உங்களிடம் பேசினால், தண்ணீரைச் சுத்தம் செய்ய ஆகும் செலவு கிலோவுக்கு எவ்வளவு என்பதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். முதலாளி கேட்கத் தயங்குவதை மாஸ்டர் கேட்கலாம், தொழில்நுட்பக் கேள்வி என்ற பெயரில்.

ஊரில் எல்லோரையும் விட மலிவாக ஜாப் ஒர்க் செய்து தருகிறேன் என்று எவராவது வந்தால், சாயம் எந்த ஊரில் போடுகிறார் என்று கேளுங்கள். நொய்யலில் விடாததை இன்னொரு வாய்க்காலில் விட்டால் கணக்கு நேராகாது.

11. சாயப்பட்டறையில் நல்ல சம்பளம் டையிங் மாஸ்டருக்கு. சுத்திகரிப்புப் பிரிவில் வால்வும் மீட்டரும் பார்க்கிற ஆபரேட்டருக்குப் பெரும்பாலும் அதில் பாதிகூட இருக்காது. பல இடங்களில் அவர் உட்கார ஒரு நல்ல நாற்காலி இல்லை. நம் துணியின் நிறம் தப்பினால் திரும்ப ஓட்டலாம், அவர் கை தப்பினால் பட்டறையே மூடும். சம்பள உயர்வு பேசுகிற நாளில் உங்களுடையதோடு அவருடையதையும் சேர்த்துப் பேசுங்கள். நைட் ஷிஃப்டில் சேர்கிறவர்கள் முதல் நாளே அவரிடம் போய்ப் பெயரைச் சொல்லி, இன்றைக்கு எத்தனை கிலோ டார்க் ஷேடு ஓட்டப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எந்தத் தொட்டியைக் காலியாக வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.