எஃப்எஸ்டேப்பில் ஒரு வார்த்தை

லினக்ஸ் பூட் ஆகவில்லை என்று யாராவது போன் செய்தால், நான் முதலில் கேட்பது "கடைசியா எந்த ஃபைலைத் தொட்டீங்க?" என்றுதான். பெரும்பாலும், எந்தப் பார்ட்டிஷனை எப்படி மவுன்ட் செய்வது என்று எழுதியிருக்கும் எஃப்எஸ்டேப் என்று பதில் வரும். கூடவே, "ரீஇன்ஸ்டால் பண்ணிடட்டுமா அண்ணே?" என்ற கேள்வியும் வரும். வேண்டவே வேண்டாம். இப்படி நிற்கும் கணினிகளில் தரவுகள் அநேகமாக அப்படியே இருக்கும். மீட்கிறேன் என்று இறங்கிய பிறகுதான் பலருக்குத் தரவு போகிறது.

டிடிபி கடை வைத்திருக்கும் ஒரு தம்பியின் உபுண்டு கணினி அப்படித்தான் வந்தது. வேகம் கூடும் என்று யாரோ சொல்ல, எஃப்எஸ்டேப்பில் ரூட் பார்ட்டிஷனுக்கான வரியில் 'டேட்டா=ரைட்பேக்' என்று சேர்த்திருந்தார். அதிலிருக்கும் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் வழக்கமாக 'ஆர்டர்ட்' முறையில் இயங்கும். ஃபைலின் உள்ளடக்கம் வட்டில் இறங்கிய பிறகுதான் அதைப் பற்றிய விவரம் ஜர்னலில் உறுதியாகும். ரைட்பேக்கில் இந்த வரிசைக்கு உத்தரவாதம் கிடையாது. எழுதும் வேகம் கொஞ்சம் கூடலாம். நடுவில் கரண்ட் போனால் ஃபைல் இருக்கும், அதற்குள் பழைய குப்பை இருக்கும். யுபிஎஸ் பேட்டரி செத்துக் கிடக்கும் கடைக்கு இது ஆகாத யோசனை.

அந்த ஆபத்து வரை போவதற்குள்ளேயே கணினி படுத்துவிட்டது. காரணம் இதுதான். பூட் ஆகும்போது ரூட் முதலில் ரீட்-ஒன்லியாக மவுன்ட் ஆகிறது. அப்போது எஃப்எஸ்டேப்பின் ஆப்ஷன்கள் கணக்கிலேயே வருவதில்லை. அந்த ஃபைலே ரூட்டுக்குள்தானே இருக்கிறது! அதற்குப் பிறகு சிஸ்டம்டி அதைப் படித்து, ரூட்டை எழுதும் நிலைக்கு ரீமவுன்ட் செய்கிறது. ரீமவுன்ட் செய்யும்போது டேட்டா முறையை மாற்ற எக்ஸ்ட்4 விடாது. எனவே ரீமவுன்ட் முழுவதுமே தோற்று, ரூட் ரீட்-ஒன்லியாகவே நின்றுவிடும். எழுத வழியில்லாமல் சர்வீஸ்கள் ஒவ்வொன்றாகச் சிவப்பெழுத்தில் விழும், லாகின் திரை வராது.

உள்ளே போக கிரப் மெனு போதும். மெனு தெரியாவிட்டால் பூட் ஆகும்போது எஸ்கேப், பழைய பயாஸ் கணினியில் ஷிஃப்ட். 'இ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'இனிட்=/பின்/பேஷ்' சேர்த்து, கன்ட்ரோல்-எக்ஸ். நேராக ஷெல் கிடைக்கும். உபுண்டுவில் ரூட் பாஸ்வேர்டு இயல்பாகவே பூட்டியிருப்பதால் எமர்ஜென்சி மோடு சில நேரம் உள்ளே விடாது. இந்த வழியில் அந்தத் தொல்லை இல்லை.

இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். எல்லாருக்கும் மனப்பாடமான கட்டளை 'மவுன்ட் -ஓ ரீமவுன்ட்,ஆர்டபிள்யூ /'. தம்பியும் அதைத்தான் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்திருக்கிறார். இடத்தை மட்டும் சொன்னால், மவுன்ட் மற்ற ஆப்ஷன்களை எஃப்எஸ்டேப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பிழையான அதே வார்த்தை மறுபடி உள்ளே வந்து, மறுபடி தோற்கும். பார்ட்டிஷனின் பெயரையும் சேர்த்துச் சொன்னால் எஃப்எஸ்டேப்பைத் திரும்பிப் பார்க்காது: 'மவுன்ட் -ஓ ரீமவுன்ட்,ஆர்டபிள்யூ /டெவ்/எஸ்டிஏ2 /'. எந்தப் பார்ட்டிஷன் என்பதை எல்எஸ்பிளாக் சொல்லும். இதை அடித்ததும் ரூட் எழுதும் நிலைக்கு வந்தது. நேனோவில் அந்த வார்த்தையை அழித்து, 'சிங்க்' கொடுத்து, 'ரீபூட் -எஃப்'. வேலை முடிந்தது. இதெல்லாம் படபடப்பாக இருந்தால் லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து, பார்ட்டிஷனை மவுன்ட் செய்து, ஃபைலைத் திருத்திக்கொள்ளலாம்.

டியூன்2எஃப்எஸ் கொண்டு ஜர்னலை நீக்கியவர்கள், ஃபீச்சர்களைக் கிளறியவர்கள் கதை வேறு. அங்கே மாறியது ஃபைல் சிஸ்டமே. பேக்கப் இல்லையென்றால் முதலில் டிடி போட்டு வேறொரு வட்டுக்கு முழு இமேஜ் எடுத்துவிடுவேன். அப்புறம் அந்த இமேஜின் மேல் 'இ2எஃப்எஸ்சிகே -என்'. இது எதையும் எழுதாது, என்ன கோளாறு என்று மட்டும் காட்டும். எல்லாவற்றுக்கும் ஆமாம் போடும் '-ஒய்' அதற்குப் பிறகுதான். மவுன்ட் ஆகி, எழுதும் நிலையில் இருக்கும் பார்ட்டிஷனில் எஃப்எஸ்சிகே ஓட்டவே கூடாது. சூப்பர்பிளாக் கெட்டிருந்தாலும் நகல்கள் உண்டு. 4 கேபி பிளாக் என்றால் வழக்கமாக முதல் நகல் 32768-ஆம் பிளாக்கில் இருக்கும். '-பி 32768' என்று அதைக் காட்டலாம். நகல்களின் இடத்தை 'எம்கே2எஃப்எஸ் -என்' பட்டியலிடும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த '-என்' விட்டுப்போனால் பார்ட்டிஷனே ஃபார்மேட் ஆகிவிடும் என்பதால், அசல் வட்டில் அதை நான் தொடுவதே இல்லை.

எஃப்எஸ்டேப்பை மாற்றியே ஆகவேண்டும் என்றால், ரீபூட்டுக்கு முன் 'மவுன்ட் -ஓ ரீமவுன்ட் /' அடித்துப் பாருங்கள். தம்பியைப் படுத்திய அதே குணம் இங்கே உதவுகிறது. ஃபைலில் தவறான ஆப்ஷன் இருந்தால் அங்கேயே பிழை காட்டும், ஓடும் கணினிக்கு ஒன்றும் ஆகாது. விவரமான காரணம் டிமெஸ்கில் இருக்கும். இரண்டாவது ஹார்டு டிஸ்க் மாதிரியான வரிகளில் 'நோஃபெயில்' சேர்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த வட்டைக் கழற்றிய அன்று, வழக்கமாக 90 விநாடி காத்திருந்துவிட்டு கணினி எமர்ஜென்சி மோடுக்குப் போய்விடும்.

வேகத்துக்கான பழைய யோசனைகளில் பலவற்றுக்கு இன்று பெரிதாகப் பயனில்லை. 'நோஏடைம்' போடச் சொல்வார்கள். 2009-இல் வந்த 2.6.30 கெர்னலிலிருந்தே 'ரெல்ஏடைம்' இயல்பாக இருப்பதால், அதற்கு மேல் மிச்சமாவது கொஞ்சம்தான். தம்பியின் கணினியில் 'ஃப்ரீ -எச்' அடித்துப் பார்த்தேன். 4 ஜிபி ராமும் நிறைந்து ஸ்வாப்பில் வழிந்துகொண்டிருந்தது. ஃபைல் சிஸ்டத்தில் குறையே இல்லை. ராம் வாங்கச் சொல்லி அனுப்பினேன்.