தெருவிளக்கும் காக்கட்டானும்

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மதில் முழுக்கக் காக்கட்டான் கொடி, ஒரே பச்சை. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கையை மறைக்கும். ஒரு பூ கூட இல்லை. "மூணு மாசமாச்சு, இலையைப் பார்க்கவா காசு குடுத்தேன்" என்று வீட்டுக்காரம்மா கேட்டதையும் எழுதியிருந்தாய். தோட்டம் போட்டுக் கொடுக்கும் தொழிலுக்கு வந்து ஒரு வருஷம் ஆகவில்லை, அதற்குள் இந்தப் பேச்சு. சங்கடமாகத்தான் இருந்தது. கொஞ்சம் சிரிப்பும் வந்தது. இதே மாதிரி ஒரு மதிலுக்கு முன்னால் நானும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றிருக்கிறேன்.

என் மதில் ராசிபுரம் பக்கத்தில். கொடிக்கு நான் போட்டது கோழி எரு. நாமக்கல்லைச் சுற்றி இருக்கிற நமக்கு அது கேட்ட இடத்தில் கிடைக்கும், அதனால் அளவு தெரியாமல் போய்விட்டது. குழிக்கு ஒரு கூடை கொட்டினேன். கொடி தறிகெட்டு ஓடியது, பக்கத்து வீட்டுக் கொய்யாவின் உச்சி வரைக்கும் போனது. கோழி எருவில் தழைச்சத்து அதிகம். காக்கட்டான் இனத்துக்குத் தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் இலையும் தண்டும் போடுமே தவிர மொட்டை மறந்துவிடும். நம் செம்மண் சரளையில் ஒரு கை மக்கிய மாட்டெரு போதும். பூக்கும் சமயத்தில் அடுப்புச் சாம்பல் ஒரு பிடி. அதற்கு மேல் எதையும் போடாதே. உன் குழியில் என்ன போட்டாய் என்று நீ எழுதவில்லை. எழுதாததிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

ஆனால் எரு பாதிக் குற்றவாளிதான். படத்தின் வலது மூலையில் ஒரு கம்பம் தெரிகிறதே, அதில் விளக்கு இருக்கிறதா? இன்று ராத்திரி எட்டு மணிக்கு அங்கே போ. கொடிக்கு அருகில் நின்று பேப்பர் படிக்க முடிகிறதா பார்.

காக்கட்டான் மொட்டு வைப்பதைத் தீர்மானிப்பது இருட்டு. செடிகள் எப்படி ராத்திரியை அளக்கின்றன என்று ஆராய்ந்தவர்கள் உலகமெங்கும் கையில் எடுத்த செடிகளில் இது முக்கியமானது. முதல் இரண்டு வித்திலை மட்டும் விரிந்திருக்கும் நாற்றுக்கு ஒரே ஒரு முறை 16 மணி நேர இருட்டைக் கொடுத்தால் போதும், பூக்க ஆயத்தமாகிவிடும். அந்த இருட்டின் நடுவில் சில நிமிஷம் சிவப்பு வெளிச்சம் காட்டினால் காரியம் கெட்டது. ஜப்பானில் இந்தப் பூவுக்கு அசகாவோ என்று பெயர். டோக்கியோவின் இரியா பகுதியில் ஒவ்வொரு ஜூலையிலும் இதற்கென்றே சந்தை கூடுகிறது. அங்கே ஜூனில் பகல் பதினான்கரை மணி நேரம். நம் சேலத்தில் மிக நீண்ட பகலே சுமார் 12 மணி 45 நிமிஷம்தான், மார்கழியில் பதினொன்றரை. அதாவது நம் ஊரில் இயற்கையாக ராத்திரிக்குப் பஞ்சமே கிடையாது. பஞ்சத்தைக் கம்பத்தில் மாட்டியது நாம்தான்.

என் மதிலுக்கு எதிரிலும் பிறகு ஒரு வெள்ளை விளக்கு வந்தது. அடுத்த பருவத்தில் வேடிக்கை பார்க்க வேண்டுமே. மதிலின் தெருப்பக்கம் வெறும் இலை. உள்பக்கம் நிழலில் தொங்கிய கிளைகளில் தினம் பத்துப் பதினைந்து பூ. எருவும் ஒன்று, தண்ணீரும் ஒன்று, வேரும் ஒன்று. அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் உறைத்தது.

ஆகவே அந்தம்மாவிடம் காசைத் திருப்பிக் கொடுக்காதே. கொடியையும் பிடுங்காதே. எருவை நிறுத்து, தண்ணீரை மண் காய்ந்த பிறகு விடு. விளக்குப் பக்கம் ஒரு கிளையை மட்டும் தேர்ந்து, சாயங்காலம் ஆறு மணிக்குக் கறுப்புத் துணியோ இரட்டைச் சாக்கோ போர்த்தி, காலை ஆறு மணிக்கு எடு. பத்து நாள் விடாமல் செய்.

அடுத்த தடவைக்கு ஆடிப்பெருக்கு தாண்டி விதை போடு. நீ பங்குனியில் போட்டாய். கோடையில் இலையடியில் சிலந்திப் பேன் ஏறி வெளுத்துவிடும், பிறகு அதோடு மல்லுக்கு நிற்க வேண்டும். நாற்றுப் பையில் வளர்த்துப் பிடுங்கி நடுவதும் வேண்டாம். வேர் குலைந்தால் மாதக் கணக்கில் முறைத்துக்கொண்டு நிற்கும் ஜாதி இது. நேரே குழியில் போடு.

விதையைப் பற்றி ஒன்று. காய் காய்ந்து காகிதம் மாதிரி ஆனதும் விரலால் நசுக்கு. உள்ளே மூன்று அறை, அறைக்கு இரண்டாக ஆறு விதை, ஆரஞ்சுச் சுளை வெட்டில், கறுப்பாக. ஒரு முனையில் தழும்பு தெரியும், அதைத் தொடாதே. அதற்கு எதிர்ப்பக்க முதுகை உப்புத்தாளில் நாலு இழு இழு. கறுப்பு போய் வெளிர் நிறம் எட்டிப் பார்க்கும்போது நிறுத்து. ராத்திரி வெந்நீரில் அல்ல, சும்மா தண்ணீரில் போடு. காலையில் உப்பியதை அரை விரற்கணு ஆழத்தில் ஊன்று. உப்பாமல் கல் மாதிரி கிடப்பதை மறுபடி தேய். ஊறிய விதையைத் திறந்து வைத்துவிட்டுப் போகாதே. நாட்டு வைத்தியத்தில் இதைப் பேதிக்குக் கொடுத்தவர்கள் உண்டு. குழந்தை வாயில் போட்டால் வாந்தியும் மயக்கமும் வரும். வாடிக்கையாளர் வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் இதை முதல் நாளே சொல்லிவிடு.

ஏறுவதற்குத் தேங்காய் நார்க் கயிறு கட்டு. பற்றுக்கம்பியும் இல்லை, ஒட்டும் வேரும் இல்லை. தண்டே சுற்றித்தான் ஏறும். அதனால் தூண் பருமனில் எதைக் கொடுத்தாலும் வழுக்கி விழும். கைவைத்து உதவுகிறேன் என்று நீ சுற்றிவிடும்போது மேலிருந்து பார்த்துக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்று. மாற்றிச் சுற்றினால் மறுநாள் காலைக்குள் தன்னைத் தானே அவிழ்த்துக்கொள்ளும்.

எந்தக் கொடி என்று கேட்டிருந்தாய். வெயிலைப் பார்த்துப் பயப்படாதது காசிரத்தினம், மயில்மாணிக்கம் என்றும் சொல்வார்கள். நூல் இலை, சிவப்பு நட்சத்திரப் பூ. புதிதாகத் தொழில் தொடங்குகிறவளுக்கு அதுவே மானம் காக்கும். விதைப் பாக்கெட்டில் ஹெவன்லி ப்ளூ என்று வருவது அழகி, ஆனால் செல்லம். அதன் மொட்டு சிவப்பூதா, விரிந்தால் வானநீலம். இதழ்ச் செல்லுக்குள் அமில கார நிலை 6.6 இலிருந்து 7.7 வரை ஏறுவதால் நடக்கிற மாற்றம் அது. நீலம் கூடட்டும் என்று மண்ணில் சுண்ணாம்பு கரைத்து ஊற்றச் சொல்கிறவர்களை நம்பாதே. நம் போர்த் தண்ணீரில் ஏற்கெனவே இருக்கிற சுண்ணாம்பு போதாதா? பெயரிலும் ஜாக்கிரதை. காக்கட்டான் என்று கேட்டால் சில நர்சரிகளில் சங்குப்பூவை எடுத்துக் கொடுப்பார்கள். அது அவரை இனம், இதோடு உறவே இல்லை.

பக்கத்துக் காட்டில் சக்கரவள்ளி போட்டிருந்தால் யோசி. அதுவும் இதே குடும்பம், கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டு இந்தக் கொடிகளிலும் குடியிருக்கும். ஏரிக்கரை ஓரத்து வீடு என்றால் இன்னும் யோசி. நெய்வேலிக் காட்டாமணக்கு இந்தக் காக்கட்டானுக்குப் பங்காளிதான். வெளிநாட்டிலிருந்து வந்து நம் ஏரிகளை என்ன பாடு படுத்துகிறது என்று உனக்கே தெரியும். தோட்டத்து வீட்டுக்காரர் யாராவது வேலிக்குக் கொடி கேட்டால் அவர் கிளுவை வேலியை முதலில் போய்ப் பார். ஓணான்கொடி ஏற்கெனவே ஏறியிருக்கும். நம் பாட்டன்மார் வேலிப்படல் கட்டக் கயிறாக வெட்டிய கொடி அது. தை மாசியில் கொத்துக் கொத்தாக வெளிர் ஊதா. அதற்குக் கூலி வாங்காமல், "வெட்டாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வா. அவர் மறுபடி உன்னைத்தான் கூப்பிடுவார்.

அந்தம்மாவிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும், பூ வருவதற்கு முன்னாலேயே. இது ஒரு வேளைப் பூ. விடியலில் விரியும், நம் வெயிலுக்கு ஒன்பது மணிக்குள் சுருண்டுவிடும். மப்பு போட்ட நாளில் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். எட்டரைக்கு எழுகிற வீடு என்றால் இந்தக் கொடியையே பேசாதே, மூன்ஃபிளவர் போட்டுக் கொடு. அது பொழுது சாயும்போது கண்முன்னால் விரியும், வாசனையும் உண்டு, ராத்திரி பெரிய அந்துப்பூச்சி தேடி வரும். ஆனால் அதற்கும் விளக்கு ஆகாது.

போர்த்திய கிளையை மூன்று வாரம் கழித்து இலைக்கணுவில் பார். பென்சில் முனை மாதிரி ஏதாவது தட்டுப்பட்டால் அது மொட்டு. முறுக்கின் நுனியில் நிறம் ஏறிவிட்டது என்றால் மறுநாள் விரியும். அன்றைக்கு எனக்குப் படம் அனுப்பு, ஆறு மணிக்கே அனுப்பு. பத்து மணிக்கு எடுத்து அனுப்பினால் மறுபடியும் இலையைத்தான் பார்ப்பேன்.

அன்புடன்,
பெரியப்பா